ஸ்பிரிங்கைக் கடைசியில் வாங்குங்கள்: டூரிங்குக்கு ஒரு பிக்கப்பைத் தயார் செய்யும் வரிசை

ஃபோர் வீல் டிரைவ் பிக்கப் வாங்கியவர்களில் பாதிப் பேர் முதல் மாதமே வண்டியை இரண்டு இஞ்ச் தூக்கிவிடுகிறார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் வண்டியில் எத்தனை கிலோ ஏறப்போகிறது என்று தெரியாமல் வாங்கிய ஸ்பிரிங், அளவெடுக்காமல் தைத்த சட்டைதான். பாரம் குறைந்தால் கட்டாந்தரையில் துள்ளும், கூடினால் பின்பக்கம் உட்கார்ந்துவிடும். ஸ்பிரிங், ஷாக் அப்சார்பர் இரண்டையும் பட்டியலின் கடைசிக்குத் தள்ளிவிட்டு மற்றதை முதலில் முடியுங்கள்.

உதாரணத்துக்கு இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸை வைத்துக்கொள்வோம். ஏணி வடிவ அடிச்சட்டம் (சேஸ்), முன்னால் சக்கரத்தை மேல் கை, கீழ் கை இரண்டும் பிடிக்கும் டபுள் விஷ்போனும் காயில் ஸ்பிரிங்கும், பின்னால் கமான் பட்டை (லீஃப் ஸ்பிரிங்), வீல்பேஸ் 3,095 மிமீ. டொயோட்டா ஹைலக்ஸும் இதே அமைப்புதான் என்பதால் கீழே சொல்வதில் பெரும்பகுதி அதற்கும் பொருந்தும்.

முதல் வேலை எடை மேடை. வண்டியைக் காலியாக, டேங்க் நிரப்பி, எடை போடுங்கள். மொத்தம் ஒரு முறை, முன் சக்கரங்கள் மட்டும் மேடையில் நிற்க ஒரு முறை, பின் சக்கரங்கள் மட்டும் நிற்க ஒரு முறை. ஆர்.சி.யில் காலி எடையும் மொத்த எடையும் இருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் கையில் இருக்கிற பட்ஜெட். ஆட்களும் அதில் அடக்கம்.

அது எவ்வளவு சீக்கிரம் கரைகிறது என்று பாருங்கள். பின்பக்கத்தை மூடும் ஃபைபர் கேனோபி 60 கிலோ. பிளைவுட்டில் செய்த டிராயர் 50. சாமானோடு 40 லிட்டர் ஃபிரிட்ஜ் 35. லித்தியம் பேட்டரியும் வயரிங்கும் 18. தண்ணீர் 40. இருபது லிட்டர் டீசல் கேனோடு 20. ஸ்பானர் செட், ஜாக்கி, கம்ப்ரசர் 25. சிக்கினால் மீட்க உதவும் ரெக்கவரி கிட் 20. அடிப்பக்க ஸ்டீல் தகடு 35. கயிறு சுற்றி வண்டியை இழுக்கும் வின்ச்சும் அதன் தாங்கியும் 50. கூரைக் கூடாரம் 60. இரண்டாவது ஸ்டெப்னி 30. துணிமணி, அடுப்பு, பாத்திரம் 50. கூட்டினால் 493. இரண்டு பேர் ஏறினால் 643 கிலோ. இதில் எதுவும் ஆடம்பரமில்லை, ஆனாலும் உங்கள் ஆர்.சி. இவ்வளவு இடம் தராமல் போகலாம். இரண்டாவது ஸ்டெப்னி, வின்ச், கூரைக் கூடாரம் மூன்றையும் முதலில் அடித்துவிடலாம். 140 கிலோ மிச்சம். இன்னும் மீறினால் டிராயரை எடுத்துவிட்டு பிளாஸ்டிக் பெட்டிகள் வையுங்கள்.

எங்கே வைக்கிறோம் என்பதும் எடையே. பின் அச்சுக்கு ஒரு மீட்டர் பின்னால் 100 கிலோ வைத்தால் பின் அச்சில் ஏறுவது 100 இல்லை, 132 கிலோ. அந்தக் கூடுதல் 32 முன் சக்கரத்திலிருந்து கழிகிறது. ஸ்டீயரிங் மிதக்க ஆரம்பிப்பது அதனால்தான். தண்ணீரும் பேட்டரியும் கேபின் சுவரை ஒட்டி, சாமான் ஏற்றும் தட்டின் (பெட்) முன் பக்கமாக, தரைமட்டத்தில் இருக்கட்டும். டெயில்கேட் (பின் கதவு) பக்கம் கூடாரத் துணி, பாய், தலையணை.

சட்டம் பற்றி இரண்டு வரி. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றத் தடை போடுகிறது. உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் அதை அழுத்திச் சொன்னது. முன்பக்கக் கம்பித் தடுப்பான புல் பாருக்கு எதிராக மத்திய அரசு மாநிலங்களுக்கு எழுதியது 2017 டிசம்பரில். ஆகவே முன்பக்கக் கம்பிக் கோட்டையை மறந்துவிடுங்கள். ஏர்பேக் சென்சாரின் கணக்கையும் அது கெடுக்கும். கழற்றித் திரும்ப மாட்டக்கூடிய மாற்றங்களாகவே எடுத்துக்கொள்வது நல்லது. பாதுகாக்கப்பட்ட காட்டுக்குள் எந்த வண்டியையும் விடாதீர்கள், அது தனிக் குற்றம்.

இனி டயர். செலவழிக்கிற ஒவ்வொரு ரூபாய்க்கும் அதிகப் பலன் தருவது இதுதான். வி-கிராஸில் வரும் 255/60 ஆர்18 டயரின் உயரம் 763 மிமீ. 17 இஞ்ச் ரிம்முக்கு இறங்கி 265/65 ஆர்17 போட்டால் 776 மிமீ. ‘பெரிய டயர் போட்டால் வண்டி உயரும்’ என்பார்கள். உயர்வது வித்தியாசத்தில் பாதி, ஆறரை மில்லிமீட்டர். ஒரு பென்சில் தடிமன். லாபம் உயரத்தில் இல்லை, பக்கச் சுவரில். 153 மிமீ ஆக இருந்த பக்கச் சுவர் 172 ஆகிறது. காற்றைக் குறைக்கும்போது மடங்கிக் கொடுக்கவும், கல்லில் இடிக்கும்போது ரிம்மைக் காப்பாற்றவும் அந்த 19 மில்லிமீட்டர்தான் உதவும். ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது உண்மை வேகம் ஏறக்குறைய 2 கி.மீ. கூடுதல், பெரிய விஷயமில்லை. வாங்கும் முன் மூன்றைச் சரிபாருங்கள்: ரிம் பிரேக் காலிப்பரில் உரசக் கூடாது, ஆஃப்செட் (ரிம் உள்ளேயோ வெளியேயோ தள்ளி நிற்கும் அளவு) பழைய ரிம்முக்கு நெருக்கமாக இருக்க வேண்டும், ஐந்தாவது டயர் வண்டிக்கடியில் ஸ்டெப்னி இடத்தில் நுழைய வேண்டும். நான்கு மட்டும் மாற்றிவிட்டுப் பழைய 18 இஞ்ச்சையே ஸ்டெப்னியாகத் தொங்கவிடுகிறவர்கள் உண்டு. உயரம் மாறுபட்ட சக்கரத்தோடு ஃபோர் வீலில் ஓட்டினால் முன், பின் அச்சுகளுக்குச் சக்தியைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு அது தண்டனை.

ஸ்பிட்டி, சாங்தாங் போன்ற இமயமலைப் பக்கம் போகிறவர்கள் அலாய்க்குப் பதில் ஸ்டீல் ரிம்மை யோசிக்கலாம். அலாய் விரிசல் விட்டால் முடிந்தது. ஸ்டீல் வளைந்தால் பஞ்சர் கடைக்காரரே சுத்தியலால் தட்டிக் காற்று நிற்கும்படி செய்துவிடுவார்.

காற்றழுத்தத்துக்கு ஒரு தொடக்கப் புள்ளி: தார்ச்சாலையில் பாரத்தோடு 34 முதல் 36 பி.எஸ்.ஐ., சரளையில் 26 முதல் 28, கற்பாறை வழியில் 22, ஜெய்சல்மேர் மணல் மேட்டில் 16. பதினைந்துக்குக் கீழே போய் ஸ்டீயரிங்கை வெடுக்கென்று ஒடித்தால் டயர் ரிம்மைவிட்டுக் கழலும். உங்கள் வண்டிக்குச் சரியான எண் எது என்று டயரே சொல்லும். காலையில் குளிர்ந்த டயரில் அளந்து, ஒரு மணி நேரம் ஓட்டி, திரும்ப அளங்கள். 4 பி.எஸ்.ஐ.க்கு மேல் ஏறியிருந்தால் காற்று போதவில்லை, பக்கச் சுவர் மடங்கி மடங்கிச் சூடாகிறது. ஏறவே இல்லை என்றால் காற்று அதிகம். காற்றைக் குறைத்தால் வேகத்தையும் குறைக்க வேண்டும். கம்ப்ரசரை சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகாதீர்கள், அந்த ஃபியூஸ் பெரும்பாலும் 10 அல்லது 15 ஆம்பியர்தான்; பேட்டரி முனையிலிருந்து நேராக எடுங்கள்.

அடுத்து, சில நூறு ரூபாயில் முடிகிற, யாரும் கண்டுகொள்ளாத ஒரு வேலை: பின் அச்சின் பல்சக்கரப் பெட்டியான டிஃபரன்ஷியலின் (டிஃப்) மூச்சுத் துளை, அதாவது பிரீதர். ஓடிச் சூடான டிஃப் திடீரென ஓடைத் தண்ணீரில் முங்கும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கும்; சுருங்கிய காற்று ஆயில் சீல் வழியாகவோ பிரீதர் மூடி வழியாகவோ தண்ணீரை உறிஞ்சும். அடுத்த சர்வீஸில் ஆயில் பால் காபி நிறத்தில் வடியும். அதற்குள் பேரிங் அரிக்க ஆரம்பித்திருக்கும்.

அச்சு உறையின் மேல் ஒரு சின்ன மூடி போட்ட வால்வு இருக்கும். சுற்றிலும் மண்ணை பிரஷ்ஷால் துடைத்துவிட்டுக் கழற்றுங்கள், இல்லாவிட்டால் மண் உள்ளே விழும். அதே மறையில் குழாய் மாட்டும் நிப்பிள் ஒன்றைப் போட்டு, ஆயிலுக்குத் தாங்கும் 8 மிமீ ஹோஸைச் செருகிக் கிளிப் போடுங்கள். அச்சு முழுதாகத் தொங்கும்போதும் இழுபடாதபடி ஒரு வளையம் தளர்வு விட்டு, பிறகு சேஸை ஒட்டி முன்னால் கொண்டுபோக வேண்டும். பிரேக் குழாயோடு சேர்த்துக் கட்டாதீர்கள், சைலன்சர் பக்கமும் போகாதீர்கள். இஞ்சின் அறையின் உயரமான மூலையில் முடித்து, முனையில் பைக்குக்குப் போடும் சின்ன பெட்ரோல் ஃபில்டரை மாட்டுங்கள். கடைசியாக வாயால் ஊதிப் பார்க்க வேண்டும். காற்று தடையின்றிப் போகவில்லை என்றால் எங்கோ மடிந்திருக்கிறது. மடிந்த குழாய், குழாய் போடாததைவிட மோசம்.

இஞ்சினுக்கான காற்றை உயரத்திலிருந்து எடுக்கும் ஸ்நார்க்கல் குழாயைப் போடுகிறவர்கள் தண்ணீரை நினைத்துப் போடுகிறார்கள். அதிகம் உதவுவது புழுதியில்தான், முன்னால் போகும் வண்டி கிளப்புகிற மண்ணுக்கு மேலே மூச்சு விடுவதால். ஏர் ஃபில்டர் பெட்டியின் அடியில் தண்ணீர் வடியும் ஓட்டையும், ஒவ்வொரு இணைப்பும் அடைபட்டிருந்தால்தான் ஆற்றில் அது பயன்படும். ஐடிலில் ஓடவிட்டு ஸ்நார்க்கல் வாயை உள்ளங்கையால் மூடுங்கள். இஞ்சின் திணற வேண்டும். திணறாமல் சாவகாசமாக ஓடினால் வேறெங்கோ காற்று புகுகிறது, தண்ணீரும் அதே வழியில் புகும்.

சிக்கினால் இழுக்க ஒரு புள்ளி வேண்டும். தொழிற்சாலையிலிருந்து வரும் வளையங்கள் பல, வண்டியை டிரெய்லரில் ஏற்றிக் கட்டுவதற்கானவை. சேற்றில் புதைந்த வண்டியைக் நீண்டு சுருங்கும் கைனடிக் கயிற்றால் சுண்டி இழுத்தால் பிய்த்துக்கொண்டு வரும். டிரெய்லர் பந்தில் கயிறு மாட்டவே கூடாது, முறிந்தால் அது பீரங்கிக் குண்டு. சேஸோடு ஹை டென்சைல் போல்ட்டில் இணைக்கும், தாங்கு எடை குறித்த புள்ளி முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று போதும். கூடவே மண்வெட்டி, பிடிப்புக்காகச் சக்கரத்துக்கடியில் வைக்கும் இரண்டு டிராக்‌ஷன் போர்டு, கயிற்றால் ஆன இணைப்பு வளையமான சாஃப்ட் ஷேக்கிள். காற்றைக் குறைத்து, சக்கரத்தின் முன்னால் தோண்டிவிட்டால் பத்தில் எட்டு முறை கயிற்றுக்கே வேலை வராது.

மின்சாரம். 40 லிட்டர் கம்ப்ரசர் ஃபிரிட்ஜ் நம் வெயிலில் ஒரு நாளைக்கு 30 ஆம்பியர்-அவர் வரை குடிக்கும். 100 ஆம்பியர்-அவர் லித்தியம் பேட்டரி இரண்டரை, மூன்று நாள் தாங்கும். எடை 12 கிலோ சுமார், அதே அளவு ஏஜிஎம் (ஈய-அமில வகை) என்றால் 28க்கு மேல். இஞ்சினோடு சுழன்று மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரிலிருந்து நேரடியாகக் கொடுக்காமல், மின்னழுத்தத்தைச் சீராக்கும் டிசி-டிசி சார்ஜர் வழியாகக் கொடுங்கள். தவறு நடக்கிற இடம் கேபிள். இஞ்சின் பேட்டரியிலிருந்து பின்பக்கத்துக்கு ஆறு மீட்டர் என்றால் போக வர 12 மீட்டர். 25 ஆம்பியரில் 6 சதுர மிமீ கேபிள் 0.87 வோல்ட்டை வழியிலேயே தின்னும், 16 சதுர மிமீ என்றால் 0.33. கேபிளின் இரண்டு முனையிலும், ஒவ்வொரு பேட்டரிக்கும் அருகில், ஃபியூஸ் வேண்டும், ஒரு முனை மட்டும் போதாது. லடாக் போகிறவர்களுக்கு ஒன்று: உறைநிலைக்குக் கீழே லித்தியத்தை சார்ஜ் செய்தால் செல் கெடும். குறைந்த வெப்பத்தில் சார்ஜைத் துண்டிக்கும் பி.எம்.எஸ். (பேட்டரியைக் காக்கும் சர்க்யூட்) இருக்கிறதா என்று பார்த்து வாங்கி, பேட்டரியைக் கேபினுக்குள் வையுங்கள். டீசலும் உறையும் இடம் அது. இந்தியன் ஆயில் லடாக்குக்காக 2019-இல் கொண்டுவந்த குளிர்கால டீசல் மைனஸ் 33 டிகிரி வரை இளகியே இருக்கும்.

இப்போது எல்லாச் சாமானையும் ஏற்றி, ஆட்களோடு திரும்ப எடை மேடைக்குப் போங்கள். முன் அச்சில் எத்தனை கிலோ கூடியது, பின் அச்சில் எத்தனை என்று சீட்டில் வந்துவிடும். ஸ்பிரிங் விற்கிறவரிடம் காட்ட வேண்டியது அந்தச் சீட்டு. சதா இருக்கிற பாரம் எவ்வளவோ அதற்கு மட்டும் எடுங்கள். வருடத்துக்கு ஒரு முறை ஏற்றுகிற பாரத்துக்கு எடுத்தால் மற்ற நாளெல்லாம் முதுகெலும்பு அடிபடும். பின்பக்கம் தொங்குகிறது என்று கமான் பட்டைக்கு மேல் காற்றடைத்த ரப்பர் பை (ஏர் பேக்) வைத்துத் தூக்குவது ஆபத்தான குறுக்குவழி. பட்டை தன் இரு முனைகளில் பகிர்ந்து சேஸுக்குக் கொடுத்த பாரத்தை ஏர் பேக் நடுவில் ஒரே புள்ளியில் தள்ளும். பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பாரமும் சேர்ந்தால், கேபினுக்கும் பெட்டுக்கும் இடையில் சேஸ் வளையும்.

முன்பக்கம் 40 மிமீக்கு மேல் போகாதீர்கள். அதற்கு மேல் ஆக்சிலின் சிவி ஜாயின்ட் (வளைந்தபடியே சுழலும் இணைப்பு) கோணம் கூடி ரப்பர் பூட் கிழியும், காஸ்டர் (ஸ்டீயரிங் அச்சின் சாய்வு) குறைந்து ஹைவேயில் ஸ்டீயரிங் தானாக நடுவுக்குத் திரும்பாது, சரிசெய்ய வேறு மேல் கை வாங்க வேண்டிவரும். ஸ்ட்ரட்டின் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த தூண்) தலையில் வைக்கும் ஸ்பேசர் மலிவு. ஆனால் 20 மிமீ ஸ்பேசர் சக்கரத்தில் ஏறக்குறைய இரண்டு மடங்கு உயரம் காட்டும், பாரம் தாங்கும் திறனில் ஒரு கிலோகூடக் கூட்டாது, சக்கரம் முழுதாகத் தொங்கும்போது சிவி ஜாயின்ட் கோணத்தை இன்னும் கூட்டும். பின்னால் பாரத்துக்கேற்ப பிரேக் அழுத்தம் மாற்றும் வால்வு உள்ள வண்டி என்றால் அதன் இணைப்புக் கம்பியையும் சரிசெய்ய வேண்டும். தூக்கிய வண்டியைக் காலி வண்டி என்று நினைத்து அது பின் பிரேக்கைக் குறைத்துவிடும்.

பொருத்தும்போது பக்கத்தில் நின்று ஒன்றைப் பாருங்கள். கமான் பட்டைக் கண் போல்ட்டையும், முன் கைகளின் புஷ் போல்ட்டையும் லிஃப்ட்டில் தொங்கும்போதே முறுக்கிவிடுவது பட்டறைப் பழக்கம். தொங்கும் நிலையில் இறுகிய ரப்பர் புஷ், வண்டி தரையில் நிற்கும்போதெல்லாம் முறுக்கிய நிலையிலேயே இருக்கும். சில மாதங்களில் கிழியும். எல்லாவற்றையும் கையால் தளர்வாக மாட்டி, சக்கரத்தைத் தரையில் ஊன்றி, வண்டியை நாலு முறை அமுக்கிவிட்ட பிறகுதான் டார்க் ரெஞ்ச் (குறித்த அளவுக்கு முறுக்கும் ஸ்பானர்) எடுக்க வேண்டும். அச்சைக் கமான் பட்டையோடு பிடிக்கும் பழைய யு போல்ட்டைத் திரும்பப் போட விடாதீர்கள், அது ஒரு முறை நீண்டுவிட்டது. புதியதையும் 500 கிலோமீட்டரில் மறுபடி டார்க் வைக்க வேண்டும். அலைன்மென்ட்டை பாரத்தோடு செய்யுங்கள், காலியாக அல்ல. அன்று மாலையே வண்டியைச் சுவர் முன் நிறுத்தி ஹெட்லைட் லோ பீமை இறக்கிவிடுங்கள். பின்பக்கம் பாரத்தில் ஒரு விரற்கடை தாழ்ந்தாலே எதிரில் வருகிறவர் கண் கூசும்.