படிவத்தில் இல்லாத கட்டம்

வேளாண் படிப்பு முடித்த கையோடு கிடைத்த வேலை, ஊர் ஊராகப் போய் மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டுக்குத் தகவல் எழுதுவது. ஊரில் என்னென்ன செடி, உயிரினம் இருக்கிறது, அவற்றைப் பற்றி மக்களுக்கு என்ன தெரியும் என்று எழுதிவைக்க, 2002-ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டத்தை ஒட்டி வந்த பதிவேடு அது. அலுவலகத்தில் சுருக்கித் தந்த படிவத்தில் செடியின் பெயர், அறிவியல் பெயர், பாகம், பயன் என்று நாலே கட்டம். ஒரு நாளைக்கு முப்பது செடி எழுதிவிடலாம் என்று நினைத்தேன்.

முதல் வாரமே கணக்கு உதைத்தது. மானாவாரிக் காட்டில் வேலையாக இருந்த ஒரு பாட்டியிடம் பண்ணைக்கீரையைக் காட்டி, "இது களைதானே?" என்றேன். "எளசா இருந்தா கீரை, பூத்துட்டா களை. மருந்தடிச்ச காட்டுல மட்டும் பறிச்சிராத தம்பி." இதை எந்தக் கட்டத்தில் எழுத?

கொழுஞ்சியின் பயன் கேட்டபோது, "மாடு திங்காது" என்றார். பயனைக் கேட்டால் குறையைச் சொல்கிறாரே! அப்புறம்தான் உறைத்தது. அறுவடை முடிந்து மாடுகள் திரியும் வயலில் வேலி இல்லாமல் தப்பிக்கிற பசுந்தாள் உரம் அது. வேர் முடிச்சு தழைச்சத்தைப் பிடிக்கும் என்று நான் படித்திருந்தேன். செடியை மாடு மிச்சம் வைக்குமா என்று யோசித்ததில்லை. பூச்சிவிரட்டிக்கும் இதே கண்தான்: ஆடு தின்னாத ஆடாதோடை, ஒடித்தால் பால் வடியும் எருக்கு, கசக்கும் வேம்பு. செடிகளின் பெயர்ப் பட்டியல் இல்லை அது, செடியைத் தேர்ந்தெடுக்கும் முறை.

கேட்டதையெல்லாம் நம்பிவிடவில்லை. பாம்புக்கடிக்கு ஒரு வேரைச் சொன்னார்கள். அதற்கு ஆஸ்பத்திரிதான் என்று அங்கேயே சொல்லிவிட்டேன்.

ஆனால் சொன்னவர் பெயருக்கு இடமே இல்லாதது உறுத்தியது. 'தகவல்: உள்ளூர் மக்கள்', அவ்வளவுதான். 1987-இல் அகத்தியமலையில் காணிப் பழங்குடி வழிகாட்டிகள் ஆய்வாளர்களுக்குக் காட்டிய ஆரோக்கியப்பச்சை என்ற செடி, பிறகு 'ஜீவனி' என்ற மருந்தானது. உரிமத் தொகையிலும் ராயல்டியிலும் பாதி காணி மக்களுக்கு என்று ஏற்பாடானது. அதிலும் சச்சரவுகள் வந்தன. ஆனாலும் பங்கு கேட்கவாவது, சொன்னது யார் என்று தெரிந்திருந்தது.

படிவத்தின் ஓரத்தில் பேனாவால் ஐந்தாவது கட்டம் போட்டுக்கொண்டு பாட்டியிடம் திரும்பப் போனேன்.

"பேரெல்லாம் எதுக்கு? லோன் ஏதும் வருதா?"

விளக்கினேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்படின்னா எங்க மாமியார் பேரை எழுது. அவங்க சொல்லிக்கொடுத்ததுதான் எல்லாம்."

மாமியார் போய்ச் சேர்ந்து இருபது வருஷமாம். அவர் பெயரையே எழுதினேன்.