எதிர்க்குச்சி

2020 மார்ச் 14, சனிக்கிழமை. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு கோயில் மண்டபத்தில் நாங்கள் 14 பேர் கோலாட்டம் ஆடினோம். முடிந்ததும் குச்சிகளைத் துணிப்பையில் போட்டுக் கட்டி, "வர்ற வாரம் பின்னல் பழகணும், ஒருத்தரும் லீவு போடக் கூடாது" என்று சொல்லிக் கலைந்தோம். பின்னலுக்கு ஆள் குறைந்தால் ஆகாது. மேலிருந்து தொங்கும் கயிறுகளை ஆளுக்கு ஒன்றாகப் பிடித்து, ஆடிக்கொண்டே சடையாகப் பின்ன வேண்டும். ஒரு கயிறு சும்மா கிடந்தாலும் சடை கோணிவிடும். ஆனால் அந்த வர்ற வாரம் வரவே இல்லை. 22-ஆம் தேதி மக்கள் ஊரடங்கு, 25-லிருந்து நாடே மூடிக்கொண்டது.

நான் சேலத்தில் ஒரு மருத்துவமனையில் லேப் டெக்னீசியன். என் ஜோடி அக்கா சிவதாபுரத்தில் ஒரு கொலுசுப் பட்டறையில் பற்றவைக்கும் வேலை பார்ப்பவர். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். ஆறு வருடமாக அவர்தான் எனக்கு எதிர்க்குச்சி.

கோலாட்டத்தில் நம் இரண்டு குச்சிகளை நாமே தட்டிக்கொள்வது பாதி ஆட்டம்தான். மீதிப் பாதி எதிரில் நிற்பவர் கையில் இருக்கிறது. அவர் குச்சி அங்கே வந்திருக்கும் என்று நம்பி வீச வேண்டும், பார்த்துவிட்டு வீசினால் தாளம் போய்விடும். அக்கா என்னைவிடக் குள்ளம், வலக்கைக் குச்சியைக் கொஞ்சம் தாழ்த்தித்தான் தருவார். என் கை அதற்குப் பழகிப்போய், வேறு யாரோடு ஆடினாலும் கீழேயே போய் நிற்கும்.

ஊரடங்கில் என் வேலை கொரோனா பரிசோதனைக்காக மூக்கிலும் தொண்டையிலும் சளி மாதிரி எடுப்பது. சேலத்து மே மாத வெயிலில் கவச உடைக்குள் நின்றால் கால் மணி நேரத்தில் முதுகில் வேர்வை ஓடும். ஆறு மணி நேரம் தண்ணீர் கிடையாது, பாத்ரூம் கிடையாது. மெல்லிய குச்சியை மூக்குக்குள் நேராக விட்டு, சில நொடி சுழற்றி எடுத்து, இளஞ்சிவப்புத் திரவம் உள்ள குழாயில் இறக்கி, குறியிட்ட இடத்தில் ஒடிக்க வேண்டும். 'டக்' என்று ஒரு சத்தம் வரும். ஒரு நாளைக்கு நூறு தடவைக்கு மேல் அந்தச் சத்தத்தைக் கேட்பேன். குச்சிச் சத்தம்தான், ஆனால் எதிர்ச்சத்தம் இல்லாத குச்சிச் சத்தம்.

மருத்துவமனை வாசலில் ஆறடிக்கு ஒரு வட்டம் வரைந்திருந்தார்கள். வட்டத்துக்கு ஒருவராக ஜனங்கள் நிற்பார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் நாங்கள் இடம் பிடித்து நிற்பது ஞாபகம் வரும். எங்கள் குச்சி ஒரு முழம். அவ்வளவு தள்ளி நின்றால் ஆட்டம் நடக்காது.

ஜூலையில் குழுவில் ஒருவர் போன் செய்தார். "மொட்டை மாடியில காத்தோட்டமாத்தானே இருக்கு, நாலு பேர் மட்டும் ஆடலாமா? நீங்க லேப்ல இருக்கீங்க, சொல்லுங்க." வேண்டாம் என்று சொன்னவள் நான்தான். தென்கொரியாவில் அந்த வருடத் தொடக்கத்தில் நடனப் பயிற்சி வகுப்புகள் மூலமாகவே 112 பேருக்குத் தொற்று பரவியதைப் படித்திருந்தேன். மூச்சு வாங்க ஆடுவது, அருகருகே நிற்பது, நாங்களோ வாயைத் திறந்து பாடவும் வேண்டும். நோய்க்கு அதைவிட வசதி என்ன இருக்கிறது? அந்த நவராத்திரிக்குக் குஜராத்திலேயே அவர்களுடைய கர்பா நடனத்துக்கு அரசு அனுமதி தரவில்லை. கைகோத்து ஆடும் சால்சா, டாங்கோ கூடங்களும் ஊருக்கு ஊர் பூட்டிக் கிடந்தன. சொன்னது சரிதான். ஆனாலும் போனை வைத்த பிறகு அன்று இரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அப்புறம் வீடியோ காலில் முயன்றோம். அக்கா அங்கே கதவு நிலையில் தட்ட, நான் இங்கே சுவரில் தட்டுவேன். பாட்டு மட்டும் ஓரளவு வந்தது, அடி சேரவில்லை. நான் தட்டி முடித்த பிறகுதான் அவர் தட்டும் சத்தம் இங்கே வரும். அவருக்கு நான் பிந்துவேன், எனக்கு அவர் பிந்துவார். நாலாவது நாள் அக்கா, "வேண்டாம் கண்ணு, இது தனித்தனியா ரெண்டு பேரு மரத்தைத் தட்டுற மாதிரி இருக்கு" என்றார். பட்டறையும் அப்போது மூடித்தான் கிடந்தது. கை சும்மா இருப்பதுதான் அவருக்குப் பெரிய கஷ்டம்.

வேலையில் எனக்கு ஒரு ஜோடி இருந்தது என்பது பின்னால்தான் உறைத்தது. கவச உடையைத் தனியாகக் கழற்றக் கூடாது. எதிரில் ஒருவர் தள்ளி நின்று ஒவ்வொரு படியாகப் பார்த்துச் சொல்ல வேண்டும். வெளிக் கையுறை, கையைச் சுத்தம் செய், இப்போது அங்கி, வெளிப்பக்கத்தை உள்ளே சுருட்டு. களைப்பில் கை தானாக முகத்துக்குப் போகும். "கையைக் கீழ விடுங்க மேடம்" என்று அந்தத் தம்பி ஒரு குரல் கொடுப்பான். மறுபடி அவன் கழற்றும்போது நான் பார்ப்பேன். தொடாமல், ஒருவர் அசைவுக்கு ஒருவர் பொறுப்பாக நின்றோம். அந்தப் பத்து நிமிடம் மட்டும் உடம்பு தனியாக இல்லை என்று தோன்றும். அந்தத் தம்பிக்கு இதுவரை நான் இதைச் சொன்னதில்லை.

2021 மே, இரண்டாம் அலை. வரிசையில் ஒரு அம்மா வந்து உட்கார்ந்தார். இரட்டை மாஸ்க், தலையில் முக்காடு. "தலையை லேசா அண்ணாந்து காட்டுங்க" என்றேன். நிமிர்ந்தவர், "கண்ணு, நீயா?" என்றார். முகக்கவசத்துக்குள் எனக்குக் கண்ணாடி பனித்துவிட்டது. ஒன்றேகால் வருடம் கழித்துப் பக்கத்தில் பார்க்கிறேன், எங்களுக்கு நடுவில் அன்றும் ஒரு குச்சி. அக்கா அசையவே இல்லை. எல்லாரும் தலையைப் பின்னால் இழுப்பார்கள். அவர் கண்ணை மூடிக்கொண்டு, நான் எங்கே வருவேன் என்று தெரிந்த மாதிரி அப்படியே இருந்தார். மறுநாள் பாசிட்டிவ் என்று வந்தது. வீட்டிலேயே தேறிவிட்டார், ஆனால் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவது பல மாதம் இருந்தது.

2022 பிப்ரவரி கடைசியில் மண்டபத்தில் மறுபடி கூடினோம். 11 பேர். ஒருவர் திருப்பூருக்குக் குடிபோய்விட்டார், ஒருவருக்கு முழங்கால் வலி. இன்னொருவர் இரண்டாம் அலையில் போய்விட்டார். அவர் குச்சிகளை அவர் மகள் பையோடு கொண்டுவந்து கொடுத்தாள். பின்னலைப் பற்றி அன்று யாரும் பேசவில்லை.

மெதுவான பாட்டாக எடுத்தோம். இரண்டாவது அடியில் என் குச்சி மேலே போனது, அக்காவின் குச்சி முன்னைவிடத் தாழ்வாக வந்தது. தோளில் பலம் இல்லை அவருக்கு. என் விரல் கணுவில் சரியாக ஒரு அடி.

"பட்டுருச்சா கண்ணு?"

"இல்லக்கா, நிறுத்தாதீங்க."

வலி கண்ணில் நீராக நின்றது. அடுத்த அடிக்குக் கையை இன்னும் கொஞ்சம் தாழ்த்தினேன்.