பங்கு வீட்டுப் பூட்டும் ஒரு எஃப்ஐஆரும்

காரைக்குடிப் பக்கம் எங்கள் பெரிய வீட்டில் பல புள்ளிகளுக்கு, அதாவது பல குடும்பங்களுக்குப் பங்கு. யாரும் குடியில்லை. படைப்பு (முன்னோருக்குப் படைத்துக் கும்பிடுவது), கல்யாணம் என்றால்தான் திறப்போம். போன படைப்புக்கு முதல் நாள் போய் நின்றால், முகப்புக் கதவில் புதுப் பூட்டு. பங்காளி ஒருவர் மாட்டியது. போன் எடுக்கவில்லை. சாமான்கள் எல்லாம் உள்ளே இருக்க, வேறு வழியில்லாமல் பூட்டுக்காரரை வைத்துத் திறந்தோம். சாயங்காலம் அந்தப் பங்காளி வந்தார், திண்ணையில் வாய்த் தகராறு. "கோர்ட்டுல பாத்துக்கிறேன்" என்றேன். அதுவே புகாரில் "குடும்பத்தோட தீர்த்துக்கட்டிருவேன்" ஆகிவிட்டது.

வழக்கு பாரதிய நியாய சன்ஹிதா 329(4), 351(3) பிரிவுகளில். பழைய இ.பி.கோ. கணக்கில் 448, 506(2). முதலாவதான வீட்டு அத்துமீறலுக்கு ஓராண்டு வரை, கொலை மிரட்டலுக்கு ஏழாண்டு வரை சிறை. படித்ததும் வயிற்றைக் கலக்கியது. ஏழாண்டுக்கு மேற்படாத குற்றம் என்பதால் கைது செய்யாமல், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 35(3) பிரிவில் நோட்டீஸ் கொடுத்து விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். போய் வாக்குமூலம் கொடுத்தேன்.

வீட்டுப் பத்திரத்தை வக்கீல் அப்புறம்தான் வாங்கிப் பார்த்தார். "வீடு யார் பேர்லங்கிறது இருக்கட்டும்ணே, யார் சுவாதீனத்துல இருந்துச்சு?" என்பதுதான் முதல் கேள்வி. அத்துமீறல் என்றால் அடுத்தவர் சுவாதீனத்தில், அதாவது அவர் கைவசம் உள்ள இடத்துக்குள், குற்றம் செய்யவோ மிரட்டவோ அவமதிக்கவோ தொல்லை கொடுக்கவோ நினைத்து நுழைந்திருக்க வேண்டுமாம். அந்தப் பங்காளி அங்கே தனியாகக் குடியிருந்திருந்தால், பங்கு இருந்தும் என் பாடு திண்டாட்டம்தான். இங்கே பாகப்பிரிவினையே ஆகவில்லை. இரண்டாங்கட்டில் எங்கள் அறைச் சாவி அதுவரை என்னிடம்தான். நுழைந்ததும் படைப்புக்கு.

மிரட்டலுக்கும் அளவுகோல் உண்டு. வாயில் வந்த சொல் மட்டும் போதாது, எதிராளியைக் கலங்கடிக்கும் நோக்கம் வேண்டும். 2015இல் மாணிக் தனேஜா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது. வழக்குப் போடுவேன் என்பது சட்டப்படியான காரியம், அது மிரட்டலில் சேராது.

இதில் ஒரு கூத்து. "தீர்த்துக்கட்டிருவேன்" என்று நான் சொன்னதாகச் சொன்ன மறுநாள் காலை, அதே மனிதர் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் "படைப்புக் கணக்கை அனுப்பவும்" என்று எழுதியிருந்தார். பயந்தவர் கணக்குக் கேட்பாரா? ஆனால் எஃப்ஐஆரை ரத்து செய்யக் கேட்கும் கட்டத்தில் சாட்சியத்தை எடைபோட மாட்டார்கள், கோர்ட்டில் சாட்சி விசாரணை வந்தால், மின்னணுப் பதிவுகளுக்கான புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழோடு கொடுக்கலாம் என்று வக்கீல் அதை எடுத்து வைத்துவிட்டார்.

எஃப்ஐஆரை ரத்து செய்யக் கேட்டு, அதே நடைமுறைச் சட்டத்தின் 528ஆம் பிரிவின் கீழ் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் மனு. வாய்தா, வாய்தா. அதைச் சொல்ல ஒன்றுமில்லை. எங்களைக் காப்பாற்றியது அவருடைய புகாரேதான். "எங்கள் பொது வீட்டில்" என்று அவரே எழுதியிருந்தார். பயந்தேன் என்று ஒரு வரி கிடையாது. சிவில் தகராறுக்குக் கிரிமினல் சாயம் பூசியிருக்கிறார்கள் என்ற வாதத்தை ஏற்று எஃப்ஐஆரை ரத்து செய்தார்கள்.

பங்குத் தகராறு மட்டும் அப்படியே கிடக்கிறது. பாகப்பிரிவினை வழக்கு இப்போது சிவில் கோர்ட்டில்.