வெண்கலக் கேடகங்கள்

இன்று காலை ஆராதனைக்கு நேரமாகிவிட்டது. வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே, ஒரு ஷூவைக் காணோம் என்று நின்ற மகனை ஒரு பிடி பிடித்தேன். சர்ச் வாசலில் முகம் தானாக மாறியது. "ஸ்தோத்திரம் பிரதர்!"

பிரசங்க நேரத்தில் கை சும்மா வேதாகமத்தைப் புரட்டியதில் 1 இராஜாக்கள் 14-ம் அதிகாரம் வந்து நின்றது. சாலொமோன் ராஜா செய்த பொன் கேடகங்களை எகிப்தின் ராஜா சீஷாக் அள்ளிக்கொண்டு போகிறான். முந்நூறும் அடித்த பொன், ஒவ்வொன்றும் மூன்று இராத்தல். சாலொமோனுக்குப் பின் ராஜாவான அவன் மகன் ரெகொபெயாம் அலட்டிக்கொள்ளவில்லை. வெண்கலத்தில் செய்து வைத்துவிட்டான். (புளி போட்டுத் தேய்த்தால் வெண்கலமும் பளபளக்கும், அம்மாவைக் கேளுங்கள்.) ராஜா ஆலயத்துக்குப் போகும்போதெல்லாம் சேவகர் அதைத் தூக்கிக்கொண்டு போவார்கள், திரும்பியதும் தங்கள் அறையில் வைப்பார்கள். ஆலயத்துக்குள் அவன் ஆண்டவரிடம் என்ன பேசினான்? அந்த அதிகாரத்தில் ஒரு வரிகூட இல்லை. கேடகம் எங்கே வைக்கப்பட்டது என்பது மட்டும் இருக்கிறது.

அதற்கப்புறம் பிரசங்கம் காதில் ஏறவில்லை. "ஆண்டவரே, காலையில் வீட்டில் நீர் இருந்தீர்தானே?" என்று மட்டும் கேட்டேன். மகன் பக்கத்தில்தான் இருந்தான், கண்ணோரம் இன்னும் சிவப்பு. கையைப் பிடித்தேன். முதலில் இழுத்துக்கொண்டான்.