பி.ஏ. படித்தால் சம்பளம் எவ்வளவு?

சென்னையில் ஒரு கலைக் கல்லூரியின் பிளேஸ்மென்ட் பிரிவில் பல வருடங்களாக வேலை பார்க்கிறேன். அட்மிஷன் சமயத்தில் பெற்றோர் கேட்பது பெரும்பாலும் இதுதான்: "மேடம், பி.ஏ.வுல எதை எடுத்தா நல்ல சம்பளம் வரும்?" கடன் வாங்கி ஃபீஸ் கட்டுகிறவர்கள் கேட்கத்தான் செய்வார்கள். ஆனால் கல்லூரிகள் வெளியிடும் கணக்கில் இதற்குப் பதில் கிடைக்காது.

மத்திய அரசு கல்லூரிகளுக்கு வெளியிடும் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்காக, வேலை கிடைத்தவர்களின் சம்பளத்தை வரிசைப்படுத்தி நடுவில் நிற்கும் தொகையைக் கொடுக்கிறோம். மூன்று வருட இளநிலைப் படிப்புகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே எண். பி.காமும் பி.ஏ. தமிழும் அதற்குள்தான் அடக்கம். வேலை கிடைக்காதவர்கள் அந்தத் தொகைக்குள் வருவதே இல்லை. பிரிட்டனில் வரிப் பதிவுகளையும் கல்விப் பதிவுகளையும் இணைத்து, படிப்பு முடிந்து 1, 3, 5, 10 வருடங்கள் கழித்து யார் எவ்வளவு சம்பாதிக்கிறார்கள் என்று பாடவாரியாக அரசே வெளியிடுகிறது. அங்கே பொருளாதாரம் மேலே, நுண்கலை கீழே. அந்த வரிசையைவிட, பத்து வருடம் பொறுத்துப் பார்க்கிறார்களே, அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

ஏனென்றால் முதல் சம்பளத்தை மட்டும் பார்த்தால் எங்கள் கல்லூரியில் ஆங்கில இலக்கியமும் பொருளாதாரமும்தான் முன்னால் நிற்கும். ஐ.டி. கம்பெனிகள் நிறைந்த ஓ.எம்.ஆர். பக்கத்து பிபிஓக்களும் கன்டென்ட் கம்பெனிகளும் ஆங்கிலத் துறைப் பிள்ளைகளை உடனே எடுத்துக்கொள்கின்றன. எக்ஸெல் நன்றாகத் தெரிந்த பொருளாதார மாணவர்களுக்கு வங்கிகளின் பின்னணி வேலைகள் கிடைக்கின்றன. வரலாறும் தமிழும் பின்தங்கிவிடும்.

இண்டர்வியூ அறைக்கு வெளியே உட்கார்ந்து பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன், இதில் பாடத்தின் பங்கு குறைவு. ஷேக்ஸ்பியரைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஐந்து நிமிடம் தடங்கலில்லாமல் ஆங்கிலம் பேசுகிறாரா என்றுதான் பார்க்கிறார்கள். அப்படிப் பேசும் பிள்ளை பெரும்பாலும் ஆங்கில வழிப் பள்ளியிலிருந்து வந்திருக்கும். தமிழ் வழியில் படித்து, வீட்டில் முதல் பட்டதாரியாக வரும் பிள்ளை வரலாறோ தமிழோ எடுக்கும். அப்புறம் "வரலாற்றுக்குச் சம்பளம் இல்லை" என்கிறோம். அந்தப் பிள்ளைகள் மூன்று வருடத்துக்கு முன்பே பின்தங்கியிருந்தார்கள். அதைப் பாடத்தின் தலையில் கட்டுவது எனக்குக் கோபத்தைத்தான் தருகிறது.

அரசு வேலைப் பக்கம் போனால் வரிசை மாறுகிறது. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வில் 200 கேள்விகளில் 100 தமிழ். அதில் தேறி இளநிலை உதவியாளர் ஆனால் அடிப்படைச் சம்பளம் 19,500 ரூபாய், அகவிலைப்படி தனி. பி.எட். முடித்து, டெட் எனும் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறி, போட்டித் தேர்விலும் ஜெயித்தால் பட்டதாரி ஆசிரியருக்கு 36,400-இல் தொடங்குகிறது. தமிழ், ஆங்கிலம், வரலாறு, புவியியலுக்கு அந்தப் பணியிடம் உண்டு, பொருளாதாரத்துக்கு இல்லை. பொருளாதாரம் படித்தவர்கள் எம்.ஏ.வும் படித்து முதுநிலை ஆசிரியர் பணிக்குத்தான் போக வேண்டும். சரி, அப்படியென்றால் வரலாறு எடுப்பதுதான் லாபமா? அதையும் துணிந்து சொல்ல முடியாது. தேர்வுக்குப் படிக்கும் வருடங்களில் வருமானமே கிடையாது. கல்லூரியில் பாடம் எடுக்க ஆசைப்பட்டால், உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 57,700. அதே வகுப்பைத் தற்காலிகமாக எடுக்கும் கௌரவ விரிவுரையாளருக்கு அதில் பாதிகூட வருவதில்லை. இருவரும் படித்தது ஒரே எம்.ஏ.

எங்கள் பழைய மாணவர்களைக் கூப்பிட்டு நானே ஒரு எக்ஸெல் ஷீட் போட்டு வருகிறேன். கம்பெனி காகிதத்தில் காட்டும் மொத்தத் தொகையான சி.டி.சி.யைக் கேட்பதில்லை. பி.எஃப். பிடித்தம் போகக் கையில் எவ்வளவு, நைட் ஷிப்டா, அறை வாடகை போக வீட்டுக்கு அனுப்ப முடிகிறதா, வேலைக்காக எத்தனை வருடம் காத்திருந்தார், பள்ளியில் எந்த வழிக் கல்வி என்று கேட்கிறேன். வேலை கிடைக்காதவர்கள் பெரும்பாலும் போனை எடுப்பதில்லை. அவர்களையும் சேர்க்காமல் துறைவாரியாக எந்த எண்ணையும் பெற்றோரிடம் காட்ட எனக்கு மனம் வரவில்லை. அதனால் இப்போதெல்லாம் துறை ஆசிரியர்கள் மூலமாகவும் கூடப் படித்தவர்கள் மூலமாகவும் அவர்களைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.