நீலகிரி வரலாற்றைத் திருத்த வருபவர்களுக்கு

நீலகிரியைப் பற்றிய வரலாற்றுக் கட்டுரைகளைச் செம்மைப்படுத்த விரும்பி விக்கிப்பீடியாவுக்குப் புதிதாக வரும் கல்லூரி மாணவர்களுக்குக் குன்னூரில் உதவி வருகிறேன். வந்தவுடன் தம் பெயரில் ஒரு புதிய கட்டுரையைத் தொடங்கிவிட வேண்டும் என்பதே அவர்களுள் பெரும்பாலோரின் ஆசை. நானோ ஏற்கெனவே உள்ள கட்டுரைகளில் காணப்படும், ஆண்டுக் குறிப்புள்ள ஒரு வாக்கியத்தைக் கொடுத்து, அதை முதலில் எழுதியவர் யார், எதை வைத்து எழுதினார் என்று தேடி வரச் சொல்கிறேன். சலித்துக்கொண்டேதான் போகிறார்கள்.

பெரும்பாலும் நான் கொடுப்பது, 1819-ஆம் ஆண்டில் ஜான் சல்லிவன் நீலகிரியைக் கண்டுபிடித்தார் என்னும் வாக்கியம். கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த சல்லிவன் அந்த ஆண்டு மலையேறி வந்தது உண்மை. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டே விஷ், கிண்டர்ஸ்லி என்ற இரு இளம் ஆங்கில அதிகாரிகள் ஏறிவிட்டார்கள். 1812-இல் கீஸ், மக்மஹோன் என்போர் நில அளவைக்காக வந்திருக்கிறார்கள். 1603-இல் பினிசியோ என்ற இயேசு சபைப் பாதிரியார் வந்து, இம்மலையின் பழங்குடிகளான தோடர்களைச் சந்தித்து, கண்டதை எழுதியும் வைத்திருக்கிறார். இன்னும் பின்னே போனால், ஹொய்சள மன்னன் விஷ்ணுவர்த்தனனின் தளபதி புணிசன் தோடர்களை அச்சுறுத்தியதாகக் கூறும் 1117-ஆம் ஆண்டுக் கல்வெட்டு நிற்கிறது. மலையில் மக்கள் குடியிருந்ததற்கு இதைவிட வேறென்ன சான்று வேண்டும்? இவ்வளவையும் தேடிப் பார்த்த மாணவர், சல்லிவனின் பெயரை அடித்துவிடத் துடிப்பார். அது இன்னொரு பிழை. கோத்தகிரிப் பகுதிக்கு அவர் வந்ததையும், பின்னர் உதகையில் கல் பங்களாவைக் கட்டியதையும் அப்படியே வைத்துக்கொண்டு, கண்டுபிடிப்பு என்ற உரிமைகோரலை மட்டும் நீக்கினால் போதும்.

ஆண்டுகள் முரண்படும்போது ஒன்று பொய்யாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. மலை ரயில் தொடங்கியது 1899 என்று ஒருவரும் 1908 என்று மற்றொருவரும் மாறி மாறித் திருத்திக்கொண்டால், மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரையிலான பாதை முன்னதிலும் உதகை வரையிலான நீட்டிப்பு பின்னதிலும் திறக்கப்பட்டன என்று எழுதிவிட்டால் சண்டை முடிந்துவிடும்.

சான்றுகளைத் தேர்ந்தெடுப்பதில்தான் அதிக நேரம் செலவாகிறது. ஒரு செய்திக் கட்டுரை விக்கிப்பீடியாவைப் பார்த்து எழுதப்பட்டிருக்கும். பிறகு அந்தச் செய்தியே விக்கிப்பீடியாவில் மேற்கோளாக வந்து அமர்ந்துகொள்ளும். கட்டுரையில் யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்று காட்டும் வரலாற்றுப் பக்கத்தைத் திறந்து, அந்த வாக்கியம் எந்த நாளில் சேர்க்கப்பட்டது என்று பார்த்து, செய்தி வெளிவந்த தேதியோடு ஒப்பிட்டால் இந்தச் சுழற்சி பெரும்பாலும் பிடிபட்டுவிடும். 1880-இல் வெளிவந்த கிரிக்கின் மாவட்டக் கையேடும், 1908-இல் வெளிவந்த பிரான்சிஸின் கெசட்டியர் என்னும் மாவட்ட விவரத் தொகுப்பும் மிகவும் பயனுள்ளவை. எனினும் அவை ஆட்சியாளர்களின் கண்ணால் பார்த்து எழுதப்பட்டவை. மலைமக்களின் குணத்தைப் பற்றி அவற்றில் வரும் தீர்ப்புகளைக் கட்டுரையின் சொந்தக் கூற்றாக எழுதாமல், இன்ன ஆண்டில் இன்ன அதிகாரி இவ்வாறு கருதினார் என்று அவர் பெயரோடு எழுதும்படி வற்புறுத்துகிறேன். பக்க எண் இல்லாத மேற்கோளை நான் ஏற்பதே இல்லை. மாணவர்களுக்கு இதில் என் மேல் சற்றுக் கோபம் உண்டு.

படகர் குடும்பத்து மாணவர்கள் கேட்கும் ஒரு கேள்விக்கு மட்டும் எளிய விடை இல்லை. ஹட்டியில், அதாவது தங்கள் ஊரில், பாட்டி சொன்ன கதையை ஏன் எழுதக் கூடாது என்கிறார்கள். அச்சில் வராத செய்தியைப் படிப்பவர் சரிபார்க்க முடியாது என்பதால் விதி அதைத் தடுக்கிறது. விதி சரியானதே, ஆனால் எழுதி வைத்தவர்களின் பக்கமே அது சாய்கிறது என்பதையும் மறைக்க முடியாது. ஆகவே அந்தக் கதையைப் பதிவு செய்து, ஊர் மலரிலோ ஆய்விதழிலோ முதலில் வெளியிடும்படி சொல்கிறேன்.

செய்த திருத்தத்தை வேறொருவர் மீளமைத்து, அதாவது பழையபடியே மாற்றிவிட்டால், மறுபடி அதையே சேர்க்காமல், கட்டுரையைப் பற்றி விவாதிப்பதற்கான பேச்சுப் பக்கத்தில் சான்றை வைத்து அவரைப் பெயர் சொல்லி அழைத்துக் கேட்க வேண்டும். பதில் வரச் சில நாள் ஆகலாம். அதுவரை அடுத்த வாக்கியத்தை, பயிற்சிக்கான பக்கமாகிய மணல்தொட்டியில் எழுதிப் பார்க்கலாம்.