5433-இல் ஓடுவது யார்?

டேட்டாபேஸ் சர்வர் ஒன்றைத் தயார் செய்ய எங்கள் குழுவில் ஒரு ஆவணம் இருந்தது. பதினான்கு படிகள். முதல் ஐந்தும் ரெப்போ (மென்பொருள் பேக்கேஜ்களை இறக்கிக்கொள்ளும் கிடங்கு) சமாச்சாரம்: பேக்கேஜ் அசல்தானா என்று சரிபார்க்கும் சாவியை இறக்கு, சாவியைச் சேர், சோர்ஸ் லிஸ்டில் ஒரு வரி எழுது, பேக்கேஜ்களை நிறுவும் கருவியான ஆப்ட்டுக்கு அப்டேட் கொடு, பிழை வந்தால் மறுபடியும் கொடு. அந்த ஐந்தாவது படியை எழுதிய புண்ணியவான் யார் என்று இன்றுவரை தெரியாது. ஆனால் பல தடவை அது வேலை செய்திருக்கிறது.

உபுண்டு லினக்ஸோடு வருவது போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸின் ஒரே ஒரு பெரிய பதிப்புதான். உபுண்டு 20.04-இல் 12, 22.04-இல் 14. வேறு பதிப்பு வேண்டுமென்றால் போஸ்ட்கிரெஸ் சமூகத்தாரே நடத்தும் பிஜிடிஜி ரெப்போவுக்குப் போக வேண்டும். சோர்ஸ் லிஸ்டில் எழுதும் வரியில் உபுண்டு வெளியீட்டின் செல்லப்பெயரும் சேர்ந்து வரும்: ஃபோக்கல், ஜாமி. ஆவணத்தில் இருந்த ஜாமியை ஃபோக்கல் மெஷினில் அப்படியே ஒட்டிவிட்டு, சிஸ்டத்தின் அடிப்படை நூலகமான லிப்சி பழசு என்று ஆப்ட் அடம்பிடிக்க, அரை மணி நேரம் முழிப்பது எங்கள் குழுவில் புதிதாகச் சேர்பவர்களுக்கான சடங்கு.

சர்வர்கள் நாற்பதைத் தாண்டியதும், அவற்றைத் தானாக அமைக்கும் ஆன்சிபிளில் ஒரு ரோல் (செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியல்) எழுத உட்கார்ந்தேன். ஒரு நாள் வேலை என்று மேனேஜரிடம் சொன்னேன். ஒரே நாளில் முடிந்தும் விட்டது. செல்லப்பெயரை மெஷினிடமே கேட்டுக்கொள்ளும், சாவியைத் தானே இறக்கும், போஸ்ட்கிரெஸை நிறுவும். அவ்வளவு சுலபமாக முடிந்ததுதான் வினை. பிறகு அந்த ஃபைலை யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை, நான் உட்பட.

2023 செப்டம்பர் 14 அன்று போஸ்ட்கிரெஸ் 16 வெளியானது. அடுத்த வாரம், சர்வர்களுக்கு அப்டேட் போடும் பேட்ச் இரவில் எங்கள் ஜூனியர் பையன் கூப்பிட்டான்.

“அண்ணா, 5433 போர்ட்ல ஏதோ ஓடுது. நீங்க எதாவது போட்டீங்களா?”

“5432-ஆ இருக்கும், நல்லா பாரு.”

“ரெண்டும் ஓடுது ணா.”

போஸ்ட்கிரெஸ் வழக்கமாக ஓடும் போர்ட் 5432. கிளஸ்டர் (தன் தரவோடு தனியாக ஓடும் ஒரு போஸ்ட்கிரெஸ்) பட்டியலை எடுத்து அனுப்பினான். 15 மெயின், 5432. அதற்குக் கீழே 16 மெயின், 5433. இரண்டும் ஆன்லைன்.

என் ரோலில் நிறுவச் சொல்லியிருந்த பேக்கேஜின் பெயர் வெறும் போஸ்ட்கிரெஸ்கியூஎல். அது ஒரு மெட்டா பேக்கேஜ். அதற்குள் சரக்கு எதுவும் கிடையாது, அப்போதைய பெரிய பதிப்பு எதுவோ அதை இழுத்து வருவது மட்டுமே அதன் வேலை. உபுண்டுவின் சொந்த ரெப்போவில் அது ஆயுசுக்கும் ஒரே பதிப்பைத்தான் காட்டும். பிஜிடிஜியில் ஒவ்வொரு வருடமும் புதுப் பதிப்பு வந்ததும் அதற்குத் தாவிவிடும். ஆப்ட் அப்கிரேடு ஓடியதும் 16 வந்து இறங்கி, உபுண்டுவுக்கு மூலமான டெபியன் வழக்கப்படி தனக்கென்று ஒரு கிளஸ்டரையும் உருவாக்கிக்கொண்டு, காலியாக இருந்த அடுத்த போர்ட்டில் உட்கார்ந்துவிட்டது. பழைய 15-க்கு ஒன்றும் ஆகவில்லை. ஆப்ட் தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது.

அதே வாரம் புதிதாகக் கட்டிய ஒரு ரெப்ளிகாவில் (நகல் சர்வர்) 16 மட்டுமே இருந்தது. 15-இல் ஓடும் பிரைமரியின் (மூல சர்வர்) பேஸ் பேக்கப்பை அதில் வைத்தால், இந்த டேட்டா டைரக்டரி 15-இல் உருவானது, எனக்குப் பொருந்தாது என்று ஏற மறுத்தது.

சுத்தம் செய்ததுதான் எனக்கு இன்றும் மறக்கவில்லை. தேவையில்லாத கிளஸ்டரை நீக்கும் கட்டளையில் பதிப்பு எண்ணையும் மெயின் என்ற பெயரையும் கொடுக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் கிளஸ்டரை அது சாதாரணமாகத் தொடாது, நிறுத்திவிட்டு நீக்கு என்று தனியாகச் சொன்னால்தான் நீக்கும். ஆனால் 16-உம் ஓடிக்கொண்டிருந்ததே! அதனால் அதையும் சேர்த்துத்தான் அடிக்க வேண்டியிருந்தது. ஆறுக்குப் பதில் ஐந்து விழுந்தால் கேள்வியே கேட்காமல், வாடிக்கையாளர்கள் பயன்படுத்தும் புரொடக்‌ஷன் போய்விடும். நான் அடிப்பேன், பையன் போனில் எழுத்தெழுத்தாகத் திரும்பப் படிப்பான், பிறகுதான் என்டர். இப்படி இருபத்திரண்டு முறை. மறுநாள் ரோலில் பதிப்பு எண்ணோடு கூடிய பேக்கேஜ் பெயரைப் போட்டேன். முதல் கிளஸ்டரைத் தானாக உருவாக்காதே என்ற அமைப்பையும் நிறுவுவதற்கு முன்பே எழுதி வைத்தேன்.

இதாவது தெரியாமல் செய்த தப்பு. அடுத்தது தெரிந்தே செய்தது.

2024 ஜனவரியில் இன்னொரு டேட்டாபேஸான மைஎஸ்கியூஎல் 8.0.36 வந்தபோது, பேக்கேஜ்களில் கையெழுத்திடும் ஜிபிஜி சாவி மாறியிருந்தது. பக்கத்து டீமின் ஆர்பிஎம் (ரெட்ஹேட் வகை பேக்கேஜ்) மெஷின்களில், இருக்கிற சாவி இந்தப் பேக்கேஜுக்குச் சரியில்லை என்று எல்லாம் நின்றுவிட்டன. எங்கள் ஆர்பிஎம் மெஷின்கள் மட்டும் பச்சை. “எப்படிப்பா?” என்று கேட்டார்கள். எனக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. என்ன செய்தோம் என்று காட்டலாமே என மைஎஸ்கியூஎல் ரோலைத் திறந்தேன்.

ஜிபிஜி சரிபார்ப்புக்கு நேராகப் பூஜ்யம் இருந்தது. மேலே ஒரு குறிப்பு: தற்காலிகம். அந்த மாற்றத்தைப் பதிந்த கமிட் என் பெயரில், 2022 ஜனவரி, இரவு இரண்டு மணிக்கு மேல். அப்போதும் இதே கதைதான். 8.0.28-இல் சாவி மாறியது, இன்ஸ்டால் நின்றது, விடிவதற்குள் சர்வர் வேண்டும் என்று சரிபார்ப்பையே அணைத்துவிட்டுத் தூங்கப் போயிருக்கிறேன். இரண்டு வருடமாக யார் கொடுத்த பேக்கேஜையும் கேள்வியில்லாமல் வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தன எங்கள் சர்வர்கள், அதுவும் வாடிக்கையாளர் தரவு இருக்கிற பெட்டிகள். கையால் செய்திருந்தால் அந்தத் தப்பு ஒரு மெஷினோடு போயிருக்கும்.

பக்கத்து டீமிடம் உண்மையைச் சொன்னேன். சிரித்தார்கள். அப்புறம் தங்கள் ஃபைல்களையும் ஒரு தடவை தேடிப் பார்த்தார்கள்.

இப்போது சாவிகளை எந்த சர்வரும் இணையத்திலிருந்து இறக்குவதில்லை. சாவியின் அடையாளமான முழுக் கைரேகையையும் ஒப்பிட்டுப் பார்த்து, எங்கள் கோடு இருக்கும் கிட்டில் (Git) வைத்திருக்கிறோம். டெபியன் பக்கம் சாவி சேர்க்கும் பழைய ஆப்ட்-கீ கட்டளையை விட்டொழித்து, இந்த ரெப்போவுக்கு இந்தச் சாவி மட்டும் என்று சைன்ட்-பை என்ற அமைப்பில் கட்டிவைத்தோம். ஆப்ட்-கீ வழியாகச் சேர்த்த சாவி எல்லா ரெப்போவுக்கும் செல்லும். வீட்டுக்காரரின் சாவியைத் தெரு முழுக்கக் கொடுத்த மாதிரி. ஒவ்வொரு சாவிக்கும் இன்னும் எத்தனை நாள் ஆயுள் என்பது தினமும் காலையில் குழுவுக்குச் செய்தியாக வரும். அலுப்பான செய்திதான், ஆனாலும் வரட்டும்.

ரெப்போவையும் உள்ளே கொண்டுவந்துவிட்டோம். ரெப்போவை நகலெடுத்து வைக்கும் ஆப்ட்லியில் ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நிலை) எடுத்து, சோதனைக்கான ஸ்டேஜிங்கில் ஒரு வாரம் ஓடிய அதே ஸ்னாப்ஷாட்தான் புரொடக்‌ஷனுக்குப் போகும். இதெல்லாம் வீண் வேலை என்று முணுமுணுத்தவர்கள் இருந்தார்கள். 2024 நவம்பர் 14 அன்று வந்த போஸ்ட்கிரெஸ் சிறு வெளியீட்டில் டைம்ஸ்கேல்டிபி போன்ற எக்ஸ்டென்ஷன்களுக்கு (போஸ்ட்கிரெஸில் சேர்க்கும் கூடுதல் வசதிகள்) பொருத்தம் உடைந்து, ஒரே வாரத்தில் இன்னொரு வெளியீடு வந்தது. அந்த ஒரு வாரமும் எங்கள் புரொடக்‌ஷன் பழைய ஸ்னாப்ஷாட்டிலேயே இருந்தது. அதன் பிறகு முணுமுணுப்பு இல்லை.

ரோலுக்கு வெளியே மிச்சம் இருப்பது ஒரே ஒரு உபுண்டு 18.04 மெஷின். அந்த வெளியீட்டை பிஜிடிஜி தன் முதன்மை ரெப்போவிலிருந்து எடுத்து ஆர்க்கைவுக்கு அனுப்பிவிட்டது. அதனால் இதற்கு மட்டும் தனி முகவரி, தனி குரூப். குரூப்புக்குப் பையன் வைத்த பெயர் தாத்தா. அதன் மேல் ஓடும் அப்ளிகேஷனை அடுத்த மாதம் மாற்றிவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மூன்றாவது முறையாகச் சொல்கிறார்கள். பழைய ஆவணத்தை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன், தாத்தாவுக்கு அந்த ஐந்தாவது படி இப்போதும் தேவைப்படுகிறது.